முகாம் வீடு: தமிழ்நாட்டில் இலங்கை அகதிகளின் நாற்பது ஆண்டுகள்

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்கள் தோன்றியது இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு. 2021-இல் மாநில அரசு சொன்ன கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். இன்னும் 34,087 பேர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் இருந்தார்கள். ஒடிசாவின் மல்கன்கிரியிலும் ஒரு சிறு முகாம் இருந்தது பலருக்குத் தெரியாது. இவற்றில் எதுவும் நாற்பது ஆண்டுகளுக்கென்று கட்டியதல்ல. சண்டை ஓய்ந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்ற கணக்கில் சில மாதங்களுக்குப் போட்ட கொட்டகைகள். வீட்டின் அளவு, கழிப்பறை, வேலை, படிப்பு, குடியுரிமை என எதைத் தொட்டாலும் அந்தப் பழைய கணக்குதான் அடியில் கிடக்கிறது.

வருகை நான்கு அலைகளாக நடந்தது. முதல் அலை 1983 ஜூலையிலிருந்து 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை. 1,34,000 பேர் வந்தார்கள். ஒப்பந்தத்தை நம்பி 25,000-க்கு மேற்பட்டோர் திரும்பிப் போனார்கள். 1989-இல் தொடங்கி 1991 வரை நீண்ட இரண்டாம் அலையில் ஏறக்குறைய 1,22,000 பேர். 1996 முதல் 2003 வரையான மூன்றாம் அலையில் 22,000 பேர்; 2006-இல் போர் மறுபடி மூண்டபோது வந்த நான்காம் அலையில் 24,000-க்கு மேல். ஆக மூன்று லட்சம் பேருக்கு மேல் பாக் நீரிணையைக் கடந்திருக்கிறார்கள். சிலர் இரண்டு முறை, மூன்று முறை கடந்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பின் ஊர் போய்க் கூரை வேய்ந்தவர்கள் 1990-இல் மீண்டும் படகேறினார்கள்.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, திருகோணமலை மாவட்டத்தார்தான் முகாம்களில் அதிகம். யாழ்ப்பாணத்துக்காரர்களில் வசதி உள்ளவர்கள் காவல் நிலையப் பதிவோடு முகாமுக்கு வெளியிலேயே தங்கிவிட்டார்கள், அல்லது கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நகர்ந்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு பிரிவு உண்டு, அவர்களைப் பற்றி வெளியே பேச்சே குறைவு. 1977 வன்முறையில் மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறி, பிறகு போரில் அங்கிருந்தும் ஓடிவந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள். அவர்களின் பாட்டன்மார் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்கள். பேரப்பிள்ளைகள் அதே மாவட்டங்களுக்கே திரும்பி வந்து, அகதி அட்டை வாங்கி முகாமில் உட்கார்ந்தார்கள்.

பெரும்பாலானோருக்கு முதல் வாசல் இராமநாதபுரம் மாவட்டக் கரையிலுள்ள மண்டபம் முகாம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். காசு வாங்கிய படகுக்காரர்கள் கரைவரை வருவதில்லை. தனுஷ்கோடியின் கடைமுனையான அரிச்சல்முனைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத அந்தத் திட்டில் குழந்தைகளோடு கிடந்தவர்களை மீனவர்களோ கடலோரக் காவல் படையோ பார்த்துக் கூட்டிவரும். மண்டபம் முகாம் அகதிகளுக்காகக் கட்டியதும் அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை நோய்ச் சோதனைக்காகத் தடுத்து வைத்த இடம் அது. போகும்போது பாட்டன் தங்கிய அதே வளாகத்தில் வரும்போது பேரன் தங்கிய குடும்பங்கள் உண்டு. இங்கே விசாரணை, மருத்துவப் பரிசோதனை, பதிவு எல்லாம் முடிந்தபின் மற்ற மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

1990-இல் வந்த கூட்டத்துக்குக் கட்டடம் இருக்கவில்லை. தானியக் கிடங்கு, புயல் பாதுகாப்பு மையம், ஆளில்லாத அரசுக் கொட்டகை, கல்யாண மண்டபம் என்று கிடைத்த கூரையின் கீழெல்லாம் மக்களை வைத்தார்கள். முகாம்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. கிடங்குகளில் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டதுதான் சுவர். புறம்போக்கு நிலம் கிடைத்த ஊர்களில் வரிசையாகச் சிறு வீடுகள் போட்டார்கள். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடி. பக்கச் சுவர் தட்டியாலோ ஒற்றைச் செங்கல்லாலோ இருக்கும், மேலே தார் ஷீட் அல்லது கீற்று. தார் ஷீட் சித்திரை வெயிலில் உருகிச் சொட்டும், ஐப்பசி மழையில் ஒழுகும். அதை மாற்றி ஆஸ்பெஸ்டாஸ் போட்டபோது ஒழுகல் குறைந்தது, வெக்கை குறையவில்லை.

நூறு சதுர அடிக்குள் அடுப்பு, பெட்டி, படுக்கை, பிள்ளைகளின் புத்தகம், சாமிப் படம் எல்லாம் அடங்க வேண்டும். கணவன், மனைவி, கைக்குழந்தை என்று வந்தவர்களுக்கு அது எப்படியோ போதுமானதாக இருந்தது. குழந்தை வளர்ந்து கல்யாணமாகி மருமகளும் வந்தபின் அதே நூறு சதுர அடியில் இரண்டு தம்பதிகள். புதுக் குடும்பத்துக்குப் புது வீடு தருவதற்கு வெகுகாலம் ஏற்பாடே இருக்கவில்லை. ஆகவே முன்பக்கம் ஒரு சாய்ப்பு, பின்பக்கம் ஒரு சாய்ப்பு என்று தங்கள் காசிலேயே இறக்கிக்கொண்டார்கள். அந்தச் சாய்ப்புகள் சந்துகளை அடைத்துக்கொண்டு வந்ததால் எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவே இரண்டு ஆள் ஒதுங்கிப் போக இடமில்லாத முகாம்கள் உருவாயின. ஒரு வீட்டில் பேசுவது மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். முகாம்களில் நடக்கும் அடுத்த வீட்டுச் சண்டைகளில் பாதிக்கு இந்த மெல்லிய சுவரே காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

பட்டா கிடையாது. வீடு அரசினுடையது, நிலமும் அரசினுடையது. சொந்தக் காசைப் போட்டு உறுதியாகக் கட்டலாமா என்று யோசிப்பவனுக்கு, நாளைக்கு முகாமை மாற்றினால் எல்லாம் போய்விடுமே என்ற பயம். அரசுக்கோ, நாளைக்குப் போகப்போகிறவர்களுக்கு எதற்குக் கான்கிரீட் என்ற தயக்கம். இரண்டு பக்கமும் இப்படியே காத்திருந்ததில் முப்பது ஆண்டுகள் கழிந்தன.

வீட்டைவிடக் கடுமையானது கழிப்பறைப் பிரச்சினை. பொதுக் கழிப்பறைகள் முகாமின் ஓர் ஓரத்தில் வரிசையாக இருக்கும். கட்டிய புதிதில் தண்ணீர் வரும், பிறகு தொட்டி நிரம்பும், கதவு போகும், கடைசியில் பூட்டிக் கிடக்கும். ஆண்கள் காட்டுப் பக்கம் ஒதுங்குவார்கள். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இருட்டியபின் போவதற்குத் துணை வேண்டும். குளிப்பதற்கு நான்கு குச்சி நட்டுப் பழைய சேலையோ பிளெக்ஸ் பேனரோ சுற்றிய மறைப்புதான் பல வீடுகளில் குளியலறை. தண்ணீர் தெருக் குழாயில் முறை வைத்து வரும். கழிவுநீர் போக வடிகால் இல்லாத இடங்களில் வாசலிலேயே தேங்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் ஒரு வரிசையில் தொடங்கினால் முகாம் முழுக்க ஒரு சுற்று வராமல் போகாது. 2009 நவம்பரில் அன்றைய முதல்வர் கருணாநிதி முகாம்களின் அடிப்படை வசதிக்கென்று 100 கோடி ரூபாய் ஒதுக்கினார். சாலை, குடிநீர், கழிப்பறை, கூரை ஆகியவற்றில் ஓரளவு மாற்றம் வந்தது அதன்பிறகுதான்.

சோற்றுக்கு அரசு வழி செய்தது. அதை மறைப்பது நியாயமாகாது. ரேஷன் அரிசி கிலோ 57 காசுக்குத் தரப்பட்டது, அந்த விலை பல ஆண்டுகள் ஏறவே இல்லை. ரொக்கமாகக் கொடுப்பதற்குப் பணக்கொடை என்று பெயர். 2006-இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 400 ரூபாய், மற்ற பெரியவருக்கு 288 ரூபாய். 2011-இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் 1,000, 750, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 400 என்று உயர்ந்தது. அடுத்த பத்தாண்டு அப்படியே நின்றது. 2021-இல் 1,500, 1,000, 500 ஆயிற்று. இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதன்படி மாதம் 3,500 ரூபாய் என்று கணக்கு வரும். அரிசிக்குப் பெரிய செலவு இல்லை என்பதால் இந்தத் தொகை மீன், காய், மளிகைக்குப் போகும். மாதம் ஓட்டப் போதாது. ஆனாலும் உலகின் பல முகாம்களோடு ஒப்பிட்டால் இங்கே பட்டினி இல்லை. ரேஷன், பள்ளி, அரசு ஆஸ்பத்திரி, முதல்வர் காப்பீட்டுத் திட்டம், முதியோர் உதவித்தொகை எல்லாம் உள்ளூர்க்காரர்களைப் போலவே கிடைக்கின்றன. இந்தச் செலவில் பெரும்பகுதியை ஒன்றிய அரசு மாநிலத்துக்குத் திருப்பித் தருகிறது.

பணக்கொடையோடு ஒட்டிவருவது தணிக்கை. முகாம்வாசிகள் செக்கிங் என்பார்கள். குறிப்பிட்ட நாளில் வருவாய்த் துறை ஆள் பேரேட்டோடு வந்து உட்காருவார், மாநில உளவுக் காவலான கியூ பிரிவின் காவலரும் இருப்பார். பெயர் வாசிக்கும்போது ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும். தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். அதோடு பணமும் அரிசியும் வீடும் சிக்கலாகும். வெளியூர் போக முன் அனுமதி வேண்டும். முக்கியப் பிரமுகர் யாராவது மாவட்டத்துக்கு வந்தால் முகாமை விட்டு வெளியே போகாதே என்ற சொல் வரும். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின் இந்தக் கெடுபிடி உச்சத்துக்குப் போனது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே வரத் தடை விழுந்தது, கல்லூரி இடங்கள் நிறுத்தப்பட்டன, 1992 முதல் 1995 வரை ஏறக்குறைய 54,000 பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது விருப்பத்தோடு போனதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிற்காலத்தில் கெடுபிடி தளர்ந்தாலும் பேரேடு இருக்கிறது. 2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில், தணிக்கையின்போது மகனின் வருகை பற்றி எழுந்த வாக்குவாதத்துக்குப் பின் ஒரு தகப்பன் மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். அவருடைய மகன் அன்று இருந்தது ஆஸ்பத்திரியில்.

இவற்றோடு சிறப்பு முகாமைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயர்தான் முகாம், வெளிநாட்டவருக்கான சட்டத்தின் கீழ் ஆட்களை அடைத்து வைக்கும் காவல் இடம் அது. வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி ஆகிய இடங்களில் முன்பு இருந்தது. இப்போது திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் இருக்கிறது. வழக்கில் பிணை கிடைத்தவரையும், தண்டனை முடிந்தவரையும் அங்கே வைக்கலாம் என்பதால் சிறையைவிட மோசமென்று அங்குள்ளவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள்.

வேலை விஷயத்தில் முகாம் ஆண்களுக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரு அடையாளம் உண்டு: பெயிண்ட் அடிப்பவர்கள். கும்மிடிப்பூண்டி, திருச்சி கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை, பவானிசாகர், கோவை பூலுவபட்டி, எந்த முகாமானாலும் காலை ஏழு மணிக்கு பிரஷ், ரோலர், வாளியோடு ஒரு கூட்டம் கிளம்பும். இதற்குக் காரணம் திறமை மட்டுமல்ல. பெயிண்டிங் வேலைக்கு யாரும் சான்றிதழோ கடவுச்சீட்டோ கேட்பதில்லை, கூலி அன்றன்றே கைக்கு வரும், மேஸ்திரி கூப்பிட்டால் போய்விட்டு செக்கிங் நாளுக்குள் திரும்பிவிடலாம். கொத்தனார், சித்தாள், லாரியில் சுமை ஏற்றுவது, கல் குவாரி என்று மற்றவையும் அதே வகை. சாரம் சரிந்து விழுந்தால் இழப்பீடு கேட்க எழுத்துப்பூர்வமாக எதுவும் இருக்காது. பெண்கள் தையல், வயல் வேலை, வீட்டு வேலைக்குப் போகிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முகாமுக்குள் நன்றாகவே நடந்தன. வங்கிக் கடன் வேறு எந்த வழியிலும் கிடைக்காததால் சேமிப்பில் ஒழுங்கு இருந்தது.

படிப்புதான் இந்த மக்கள் விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்று. பிள்ளைகள் ஊர் அரசுப் பள்ளிக்கே போகிறார்கள். முகாமுக்கென்று தனிப் பள்ளி இல்லாதது நல்லதாகப் போயிற்று, உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒன்றாக வளர்ந்தார்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்தோறும் மாலை வகுப்பு நடத்தியது. முகாமில் படித்த அக்காமார் அண்ணன்மாரே ஆசிரியர்கள். பத்தடி வீட்டில் விளக்கடியில் உட்கார இடமில்லாத பிள்ளைக்கு அந்த மாலை வகுப்புக் கொட்டகைதான் படிக்கும் அறை. 1990-களின் நடுவில் கல்லூரி வாசல் மறுபடி திறந்தபின் பட்டதாரிகள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். 2021-இல் ஆண்டுதோறும் ஐம்பது பொறியியல் மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் பட்டம் வாங்கியபின் என்ன? அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் நிறுவனம் நேர்முகத்தில் எடுத்துக்கொண்டு, முகவரிச் சான்றில் முகாம் என்று பார்த்ததும் கைவிரிக்கும். எந்திரவியல் படித்துவிட்டு அப்பாவோடு பெயிண்ட் வாளி தூக்கும் பையன் எல்லா முகாமிலும் ஒருவனாவது இருப்பான். அவனைப் பார்த்துவிட்டு அவன் தம்பி பத்தாவதோடு நின்றுவிடுகிறான் என்பதுதான் இதில் கூடுதல் நட்டம்.

இவ்வளவுக்கும் வேர் சட்டத்தில் இருக்கிறது. அகதிகள் பற்றிய 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று உள்நாட்டுச் சட்டமும் இல்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் முகாம்வாசி அகதி அல்ல, உரிய ஆவணம் இல்லாத வெளிநாட்டவர். அவருக்குக் கிடைக்கும் அரிசியும் பணமும் அரசாணையால் வருபவை. உரிமையென்று கேட்க முடியாதவை. பிறப்பால் குடியுரிமை என்பதிலும் வயதுக்கு ஒரு நீதி. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அதன்பிறகு 2004 டிசம்பர் வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பின் பிறந்தவருக்கு மற்ற பெற்றோர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. உள்ளூர்ப் பெண்ணை மணந்த முகாம் இளைஞனின் குழந்தை இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022-இல் சாதகமான உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் வாக்களித்தார். 1987 ஜூலைக்குப் பின் பிறந்திருந்தால் இது நடந்திருக்காது.

மலையக வம்சாவளியினரின் வழக்கு இன்னும் வலுவானது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. அந்த வாக்கு முழுதாக நிறைவேறும் முன்பே போர் வந்துவிட்டது. 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்த வம்சாவளியினரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று தள்ளாமல் அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த இந்துக்கள் உள்ளிட்ட சிறுபான்மையினரைச் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. முகாம்களில் இந்துக்கள்தான் பெரும்பான்மை என்பதை நினைத்தால் இந்த விடுபடல் விளங்கிக்கொள்ளக் கடினமானது.

வீடு விஷயத்தில் பெரிய திருப்பம் 2021 ஆகஸ்டில் வந்தது. முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது, இலவச எரிவாயு இணைப்பு, உயர்த்திய பணக்கொடை, கல்வி உதவித்தொகை எல்லாம் அதில் அடங்கும். முகாம்களின் பெயரையும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். வேலூர் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டி, 2023 செப்டம்பரில் அங்கேயே முதல் தொகுதி வீடுகளைத் திறந்தார்கள். புது வீடு ஏறக்குறைய 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, தனிச் சமையலறை, உள்ளேயே கழிப்பறை. பழைய அளவுக்கு மூன்று மடங்கு. இருட்டும்வரை காத்திருந்த பெண்களுக்கு அந்தக் கழிப்பறைக் கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இத்தனை காலம் திட்டம் போட்ட ஆண்களுக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம். பட்டா மட்டும் இந்த வீட்டுக்கும் இல்லை.

திரும்பிப் போவது எப்போதும் ஒரு வழியாக இருக்கிறது. ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் விருப்பத்தைக் கேட்டறிந்து விமானச்சீட்டுத் தந்து வந்தது. 2009-இல் போர் முடிந்தபின் சில ஆயிரம் பேர் போனார்கள், பிறகு ஓட்டம் மெலிந்தது. அங்கே காணி அடுத்தவர் கையில் அல்லது காடாகிக் கிடக்கிறது, வேலை உறுதியில்லை, இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த ஊர் அம்மா சொன்ன கதை. போக நினைப்பவர்களும் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று வாங்க வேண்டும். அதற்கு ஆவணம் சேர்ப்பதே பெரிய வேலை. எதிர்த்திசையில், 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது அரிச்சல்முனைத் திட்டுகளில் மறுபடி ஆட்கள் வந்து இறங்கினார்கள். துப்பாக்கிக்குப் பயந்து அல்ல, பால்மா விலைக்கும் அரிசி விலைக்கும் பயந்து. அவர்களை மண்டபத்தில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள், ஆனால் முன்பு வந்தவர்களுக்குப் போல அகதிப் பதிவு உடனே கிடைக்கவில்லை.

2025 செப்டம்பரில் பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு வெளியான ஒன்றிய அரசின் ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிப்பதிலிருந்து விலக்கியது. வெளியேற்றப்படுவோமோ என்ற பயத்தையும், ஊர் திரும்பும்போது அனுமதி மீறித் தங்கியதற்கான அபராதச் சிக்கலையும் இது குறைக்கக்கூடும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை அந்த ஆணை திறக்கவில்லை, வேலை பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. 2015-க்குப் பிறகு படகேறியவர்கள் அதன் வரம்பிலேயே வரமாட்டார்கள்.